இழையில் கோத்த வித்துகள்: ஒரு மண் நுண்ணுயிரின் உள்சட்டகம்

பாக்டீரியாவுக்கு எலும்பில்லை என்றுதான் வெகுகாலம் எல்லாரும் சொல்லி வந்தார்கள். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மெல்லிய புரத இழைகளால் ஆன ஒரு சட்டகம் இருக்கிறது. உயிரணுவுக்கு உருவம் தருவது அதுதான். உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே இருக்கும் சரக்கைப் பங்கு போடுவதும் அதுதான். மரம், செடி, காளான், ஈஸ்ட் எல்லாவற்றுக்கும் இது உண்டு. பாக்டீரியா மட்டும் வெறும் பை, வெளிச்சுவரின் கெட்டித்தனத்தால் நிற்கிறது என்பது பாடம். எழுபதுகளில் நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த புத்தகத்திலும் இதே கதைதான். 1991க்குப் பிறகு இந்தப் பாடம் மெல்ல மெல்ல மாறிற்று. பாக்டீரியாவுக்குள்ளும் சட்டகம் உண்டு. நம்முடைய சட்டகத்துக்கு அது தூரத்து உறவும்கூட.

இந்தச் சட்டகப் புரதங்களை எல்லாம் சொல்லப் புகுந்தால் இந்த மலர் முழுவதும் எனக்கே வேண்டியிருக்கும். ஆகையால் ஒரே ஒரு நுண்ணுயிரை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் அது வித்து உண்டாக்கும் கட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்ற பாக்டீரியாக்களில் உயிருக்கே ஆதாரமாக இருக்கும் ஒரு புரதம், இதில் சந்ததிக்கு மட்டும் ஆதாரமாக இருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தேன். கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னால் குக்கர் விலையைக் கேட்கிறார்கள்.

அந்த நுண்ணுயிரின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசிஸ். தோட்டத்து மண்ணை ஒரு கை அள்ளினால் அதில் கோடிக்கணக்கில் இருக்கும். பாக்டீரியா என்றால் குட்டைக் கம்பி மாதிரியோ உருண்டையாகவோதான் நமக்குப் படம் காட்டுவார்கள். இது அப்படி இல்லை. நூல் நூலாக, கிளை கிளையாக வளரும். தடிமன் ஒரு மைக்ரான் அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. பூஞ்சக்காளான் போலவே தெரிவதால் அந்தக் காலத்து அறிஞர்கள் இதைப் பூஞ்சை வகை என்றே எண்ணினார்கள். பெயரில் இருக்கும் 'மைசிஸ்' அந்த எண்ணத்தின் மிச்சம். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கும் சமண வீட்டில் பிறந்தவன் நான். கண்ணுக்குத் தெரியாத உயிர் என்ற பேச்சு எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்த உயிருக்குள் இவ்வளவு வேலைப்பாடு இருக்கும் என்று நினைத்ததில்லை.

நமக்கும் இதற்கும் உள்ள பந்தம் பெரிது. 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகையிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க்கு முதன்முதலாக வந்த நல்ல மருந்து அது. 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போயிற்று. உழைத்தவன் ஒருவன், வரவு வைத்தது இன்னொருவர் கணக்கில், அது தனிக்கதை. என் சித்தப்பா ஒருவர் அறுபதுகளில் நாள் தவறாமல் இந்த ஊசி போட்டுக்கொண்டு எழுந்தவர். காது சற்று மந்தமாகிவிட்டது, அந்த மருந்துக்கு அப்படியொரு குணம் உண்டு. ஆனாலும் அதன்பின் முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தார். நாம் வாழும் புனேக்குப் பக்கத்தில், பிம்ப்ரியில், 1954இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தை எல்லோரும் அறிவீர்கள். அங்கே எம். ஜே. திருமலாச்சார் குழுவினர் ஒரு மண் நுண்ணுயிரிலிருந்து ஹாமைசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை எடுத்து 1961இல் அறிவித்தார்கள். அந்த நுண்ணுயிருக்கு வைத்த பெயர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா! நாம் பஸ் ஏறும் ஊரின் பெயர் ஒரு நுண்ணுயிருக்கு இருக்கிறது.

இனி அதன் வாழ்க்கையைப் பார்ப்போம். ஒரு வித்து ஈரத்தில் விழுகிறது. முளை விடுகிறது. முளை நூலாகி, நூல் கிளைத்து, மண்ணுக்குள் வலையாகப் பரவி, மக்கியதை எல்லாம் தின்கிறது. இந்த நூலுக்குள் தடுப்புச் சுவர்கள் மிகக் குறைவு. எங்கோ தூரத்துக்கு ஒன்று இருக்கும். அந்தச் சுவரும் நூலை இரண்டாக வெட்டிவிடாது. ஆக இது ஒரு நீண்ட குழாய், உள்ளே குரோமோசோம் பிரதிகள் வரிசையாகக் கிடக்கும். தீனி தீர்ந்ததும் போக்கு மாறுகிறது. பழைய நூல்களில் ஒரு பகுதி தன்னைத்தானே கரைத்துக்கொள்ள, அந்தச் சத்தைக் கொண்டு புதிய இழைகள் மண்ணைவிட்டு மேலே காற்றுக்குள் எழும்புகின்றன. வெள்ளை வெல்வெட் துணி போர்த்தியது போல் தெரியும். ஆன்டிபயாடிக் சுரப்பதும் ஏறக்குறைய இந்தக் கட்டத்தில்தான். சொந்த உடம்பையே உரமாக்கும் வேளையில் அடுத்தவன் வந்து தின்றுவிடக் கூடாதே என்பதற்காக என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். எழுந்த மேலிழை ஒவ்வொன்றும் கடைசியில் ஐம்பது, அறுபது, சில சமயம் அதற்கும் மேல், சம அளவுள்ள வித்துகளாகப் பிரிகிறது. ஊர்ப்பக்கத்தில் கருவேலங்காய் பார்த்திருப்பீர்கள். விதைக்கு விதை இடுக்கி, மணி கோத்தது போல் இருக்குமே, அச்சு அசல் அதே தோற்றம். ஒரு நீளக் குழாய், ஒரே சமயத்தில், இம்மி பிசகாத இடைவெளியில் ஐம்பது இடத்தில் இடுக்கிக்கொள்வது எப்படி? இதுதான் கேள்வி.

அதற்கு முன் ஒரு வார்த்தை. குழாய் நீளும்போது இழையின் நுனி மட்டும்தான் வளர்கிறது. நுனியில் டிவ்-ஃபோர்-ஏ என்ற புரதம் திரளாகக் கூடி, சுவர் கட்டும் நொதிகளை அங்கே வரவழைக்கிறது. சுவீடனைச் சேர்ந்த கிளாஸ் ஃப்ளார்த் 2003இல் இதைக் காட்டினார். இந்தப் புரதம் இல்லாமல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிழைக்காது. பக்கச்சுவரில் புதிதாக ஒரு திரள் கூடினால் அங்கே கிளை வெடிக்கும். ஆக, வளர்ச்சிக்கு உயிர்நாடி இது. வித்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள்.

அவர்களில் முதல்வன் எஃப்.டி.எஸ்.இசட். இனி சுருக்கமாக இசட் என்கிறேன். பெயர் வந்த விதம் வேடிக்கை. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில், சூடு ஏறினால் இரண்டாகப் பிரிய முடியாமல் நூலாக நீண்டுபோகும் சில பழுதான வகைகள் கிடைத்தன. அந்தப் பழுதுக்குக் காரணமான மரபணுக்களுக்கு, சூட்டில் நூலாகிறவை என்ற பொருளில் எஃப்.டி.எஸ். என்று பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கில எழுத்தைச் சேர்த்தார்கள். அங்கே நூலாவது நோய். நம் ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கோ அதுவே பிழைப்பு. 1991இல் பி, லட்கன்ஹவுஸ் இருவரும் ஈ.கோலையின் நடு இடுப்பில் இசட் புரதம் ஒரு வளையமாகக் கூடுவதைக் கண்டார்கள். அந்த வளையம் நின்ற இடத்தில்தான் சுவர் உள்நோக்கி வளர்ந்து உயிரணு இரண்டாகிறது. 1998இல் இதன் வடிவத்தை லோவே, ஏமஸ் இருவரும் வெளியிட்டபோது, நம் உயிரணுச் சட்டகத்தில் இருக்கும் டியூபுலின் என்ற புரதமும் இதுவும் ஒரே குடும்பம் என்று உறுதியாயிற்று.

நான் பாத்திரக் கடை வைத்திருக்கிறவன். அண்டாவின் வாய் வளையாமல் இருக்க விளிம்புக்குள் கம்பி வைத்து மடக்குவார்கள். இசட் வளையத்தைப் பற்றிப் படித்ததும் அந்தக் கம்பிதான் ஞாபகம் வந்தது. ஆனால் உவமை பாதிதான் பொருந்தும். கம்பி அசையாமல் கிடக்கும். இசட் இழையில் முன்னால் ஆள் சேர்ந்துகொண்டும் பின்னால் ஆள் கழன்றுகொண்டும் இருக்கும். ஊர்வலம் நகர்வது போல இழை வட்டமாக ஊர்ந்து, சுவர் கட்டும் நொதிகளை நடத்திக்கொண்டு போகிறது. ஈ.கோலையிலும் பேசில்லஸிலும் 2017இல் இதைக் கண்டார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஈ.கோலையிலோ பேசில்லஸிலோ இசட் மரபணுவை நீக்கினால் கெட்டது. பிரிய முடியாமல் நீண்டு நீண்டு, கடைசியில் செத்துப்போகும். அநேகமாக எல்லா பாக்டீரியாவுக்கும் இதே விதிதான். 1994இல் ஹார்வர்டில் மெக்கார்மிக், லோசிக் முதலானோர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற வகையில் இதே மரபணுவை அடியோடு நீக்கிப் பார்த்தார்கள். அது சாகவில்லை. நூல் விட்டது, கிளைத்தது, மேலிழைகூட எழுப்பியது. உள்ளே குறுக்குச் சுவர் என்று ஒன்றுகூட இல்லை. வித்தும் ஒன்றுகூட இல்லை. மறுபடி வளர்க்க வேண்டுமானால் நூலைத் துண்டாக்கி, செடிக்குப் பதியன் வைப்பது போல் வைத்தால்தான் உண்டு.

யோசித்துப் பார்த்தால் நியாயம் புரிகிறது. குட்டைக் கம்பி பாக்டீரியாவுக்கு வளர்வதும் பிரிவதும் ஒரே காரியத்தின் இரண்டு பாதி. பிரியாவிட்டால் வாழ்வே இல்லை. நூலாக வாழ்கிறதுக்கு அந்த அவசரம் கிடையாது. நுனி நீண்டுகொண்டே இருந்தால் போதும். வாழ்வது வேறு, வம்சம் வைப்பது வேறு என்று இரண்டு கணக்காக எழுதி வைத்துக்கொண்ட உயிர் இது. சுவரே இல்லாத குழாயில் ஓரிடம் கிழிந்தால் எல்லாம் ஒழுகிப் போகாதா என்று ஒரு சந்தேகம் எனக்கு வெகுநாள் இருந்தது. 2016இல் அதற்கும் விளக்கம் வந்தது. கெட்டிச் சுவர் இல்லாவிட்டாலும், மெல்லிய சவ்வுத் தடுப்புகள் இசட்டின் உதவி இல்லாமலே நூலுக்குள் உண்டாகின்றன.

வித்து உண்டாகவில்லை என்பதை எப்படிக் கண்டுகொள்கிறார்கள்? கண்ணால்தான்! சீலிகலர் வகையில் வித்து முதிர்ந்ததும் வெள்ளை வெல்வெட் சாம்பல் நிறமாகும். ஏதாவது மரபணு பழுதாகி வித்து நின்றுபோனால் கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும். இங்கிலாந்தின் நார்விச்சில் டேவிட் ஹாப்வுட்டும் அவரைத் தொடர்ந்து கீத் சேட்டரும் 1970 வாக்கில் இப்படி வெளுத்துப்போன திட்டுகளைப் பொறுக்கி எடுத்துத்தான் வித்துக்கான மரபணுக்களை வரிசைப்படுத்தினார்கள். அரிசியில் கல் பொறுக்கும் வேலைதான், பொறுமை வேணும். 2002இல் இதே வகையின் மரபுச் செய்தி முழுவதும் படிக்கப்பட்டது. 86 லட்சம் எழுத்துகள், 7,825 மரபணுக்கள். ஈஸ்டுக்கே ஆறாயிரம் சொச்சம்தான்.

மேலிழைக்குள் நடப்பதை இனிச் சொல்கிறேன். வித்து வைக்கும் நேரம் வந்ததும் இசட் மரபணுவைத் தூண்டும் ஒரு தனி விசை தட்டப்பட்டு, புரதம் ஏராளமாகச் சுரக்கிறது. முதலில் அது இழை நெடுகச் சுருள் சுருளாக ஓடித் திரிகிறது. பிறகு சுருள்கள் கூடி வளையங்களாக நிற்கின்றன. ஒன்றுக்குப் பின் ஒன்று என்றில்லை, ஏறக்குறைய எல்லாம் ஒரே நேரத்தில். ஒரு மைக்ரான் சொச்சம் இடைவெளி விட்டு வளையம் வளையமாக ஒளிர்வதை 1997இல் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் 'ஏணி' என்று பெயர் வைத்தார்கள். நூலேணி என்றால் இன்னும் பொருத்தம். இப்போது ஸ்ட்ரெப்டோமைசிஸ் வெனிசுவேலே என்ற வகையைத் திரவத்திலேயே வித்து வைக்கச் செய்து, உயிரோடு இருக்கும்போதே இதைப் படமெடுக்கிறார்கள்.

வளையம் நிற்க வேண்டிய இடத்தை யார் குறிப்பது? ஈ.கோலையில் 'இங்கே நிற்காதே, அங்கே நிற்காதே' என்று விரட்டும் புரதங்கள் உண்டு; விரட்டி விரட்டி நடு இடுப்பில் கொண்டு நிறுத்தும். ஸ்ட்ரெப்டோமைசிஸிடம் அந்த ஏற்பாடு இல்லை. தையற்காரர் துணியில் சாக்குக்கட்டியால் குறி போடுவது போல, எஸ்.எஸ்.ஜி.பி. என்ற புரதம் முன்னதாகவே வந்து இடம் பிடித்து, இசட்டை அங்கே அழைக்கிறது. ஹாலந்தின் லைடனில் வான் வேஸல் குழுவினர் 2011இல் கண்டது இது. குறி போட்ட இடத்தில் வளையம் கூடினாலும் நிலைத்து நிற்கத் துணை வேண்டும். அந்த வேலைக்கு டைன்-ஏ, டைன்-பி என்று இரட்டையர் இருப்பதை நார்விச்சிலிருந்து ஷ்லிம்பெர்ட் குழுவினர் 2017இல் அறிவித்தார்கள். இவர்கள் இல்லையென்றால் சில வளையங்கள் சுவர் கட்டி முடியும் முன்பே கலைந்துவிடும். வித்து ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகக் கோணல்மாணலாக வரும். இசட் இழைகளைச் சேர்த்துக் கட்டும் செப்-எச் என்ற இன்னொரு துணைவன் 2021இல் தெரிய வந்தான். இவனைப் பற்றிப் பிறகும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வளையம் மட்டும் சரியாக நின்றால் ஆச்சா? ஒவ்வொரு அறைக்கும் ஒரு குரோமோசோம் போக வேண்டும். மேலிழைக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிரதிகள் குவியலாகக் கிடக்கின்றன. பார்-ஏ என்ற புரதம் இழையின் நுனியிலிருந்து நெடுகப் பாய் விரித்தது போல் படிகிறது. பார்-பி என்பது ஒவ்வொரு குரோமோசோமின் தொடக்க இடத்தைப் பிடித்து, சம இடைவெளியில் வரிசையாக நிறுத்துகிறது. பார்-பி இல்லாத வகையில் நூற்றுக்குச் சுமார் 13 வித்துகள் உள்ளே சரக்கு இல்லாத காலி டப்பாக்கள். 13 காலி என்பதைவிட, மீதி 87 எப்படியோ நிரம்பிவிடுகிறதே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சுவர் மூடும் தருணத்தில் வாசலில் மாட்டிக்கொண்ட குரோமோசோமை உள்ளே இழுத்துப் போடும் ஒரு பம்பும் இருக்கிறது.

அடுத்தவன் எம்.ஆர்.இ.பி. இது நம் தசையில் உள்ள ஆக்டினுக்கு உறவு. 2001இல் இந்த உறவு வெளிப்பட்டது பெரிய செய்தி. கம்பி வடிவ பாக்டீரியாக்களில் பக்கச்சுவரை நேராகக் கட்டுவது இதன் வேலை. அவற்றில் இது போனால் கம்பி உருண்டையாகிவிடும். சுவரின் உட்புறம் சுருளாக ஓடுகிறது என்று முதலில் சொன்னார்கள். 2011இல், சிறு சிறு துண்டுகளாக இடுப்பைச் சுற்றி ஓடுகிறது என்று திருத்தினார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸில் என்ன நிலைமை? ஜெர்மனியின் டியூபிங்கன் குழுவினர் 2006இல் இதை நீக்கிப் பார்த்தார்கள். மண்ணுக்குள் பரவும் நூலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலிழைகள்தான் உப்பி வெடித்தன. பிழைத்த வித்துகளும் வீங்கி, மெல்லிய சுவரோடு, சூடு தாங்காமல் போயின. வித்தின் தடித்த மேலோட்டைக் கட்டுவதற்கே எம்.ஆர்.இ.பி. இங்கே வைக்கப்பட்டிருக்கிறது. இசட்டுக்குச் சொன்ன கதையே இதற்கும். மற்றவர்கள் வீட்டில் அன்றாட வேலைக்காரர்களாக இருக்கும் இருவரையும் இது பிரசவத்துக்கு மட்டும் கூப்பிடுகிறது.

இதனால் நமக்கென்ன லாபம் என்று வியாபாரி கேட்கத்தான் செய்வான். காசநோய்க் கிருமியும் ஸ்ட்ரெப்டோமைசிஸும் பங்காளிகள், ஒரே பெருங்குடும்பம். காசநோய்க் கிருமியும் முனையில்தான் வளர்கிறது. அதன் முனையில் நிற்பதும் டிவ்-ஃபோர்-ஏ வகைப் புரதம்தான். பழைய மருந்துகளுக்கு மசியாத காசநோய் நம் நாட்டில் பெரிய தலைவலி என்பது ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். புதிய மருந்து எங்கே அடிக்க வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு இசட் நல்ல குறி, ஏனென்றால் நம் உடம்பில் இசட் இல்லை. உறவுக்காரனான டியூபுலின் இருந்தாலும் உருவத்தில் போதிய வித்தியாசம் உண்டு. 2008இல் இங்கிலாந்தில் ஒரு குழு, ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியின் இசட்டில் போய் ஒட்டி அதைப் பெருகவிடாமல் தடுக்கும் ஒரு சேர்மத்தை எலிகளில் சோதித்துக் காட்டியது. ஆக, வழி இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், காசநோய்க் கிருமியில் இசட்டை நீக்கினால் கிருமி செத்துவிடும். அப்புறம் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. இசட்டோடு யார் யார் சேர்ந்து வேலை செய்கிறார்கள், எவன் போனால் வளையம் எப்படிக் கோணுகிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க, கழற்றினாலும் சாகாத ஒரு உயிர் வேண்டும். அது ஸ்ட்ரெப்டோமைசிஸ். மேலே சொன்ன செப்-எச் புரதத்தை இதில்தான் முதலில் ஆராய்ந்தார்கள்; காசநோய்க் கிருமியின் சாதுவான உறவினமான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸிலும் அது இசட்டோடு சேர்ந்து வேலை செய்வது அதே ஆய்வில் தெரிந்தது. மருந்து தந்த நுண்ணுயிரே, அடுத்த மருந்தைத் தேடும் பட்டறையாகவும் இருக்கிறது.

வித்து முதிர்ந்தாயிற்று, இனி அது ஊர்விட்டு ஊர் போக வேண்டும். மழையின் முதல் தூறலில் எழுகிற மண்வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். மண்ணில் அதைப் பெருமளவு உண்டாக்குவது ஸ்ட்ரெப்டோமைசிஸ்தான். இது வெகுநாளாகத் தெரிந்த சங்கதி. எதற்காக உண்டாக்குகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், வித்து வைக்கும் வேலையை முடுக்கும் அதே கட்டுப்பாட்டுப் புரதங்களே ஜியோஸ்மின் மரபணுவையும் முடுக்குகின்றன என்று காட்டினார்கள். அதாவது வித்து தயாராகும் வேளையில்தான் வாசனை கிளம்புகிறது. மண்ணுக்குள் வாலைத் தட்டித் துள்ளும், கடுகைவிடச் சிறிய ஒரு வகைப் பூச்சி இருக்கிறது. அது இந்த வாசனையை மோந்துகொண்டு வருகிறது, வித்துகளைத் தின்கிறது. கொஞ்சம் அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டும், கொஞ்சம் வயிற்றுக்குள் போய் எச்சத்தோடு உயிருடன் வெளியே வந்தும், வித்து அடுத்த ஈரத்தைத் தேடிப் போய்ச் சேருகிறது.